சத்தம் தெரிந்தவர்கள் இருக்கும்போதே

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டின் பின்விறாந்தையில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக ஒரு ஹொண்டா 90 மோட்டார் சைக்கிள் சுவரோடு சாய்ந்தபடி கிடந்தது. தந்தையாருடையது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, வீதியில் அதை உருட்டிச் செல்லவும் இடமிருக்காது என்று கண்ட தந்தையார், விறாந்தையில் நிறுத்தி, மேலே ஒரு சாக்கை விரித்துவிட்டு வந்தார். மறு ஆண்டு திரும்பியபோது கூரையின் ஒரு பகுதி அதன்மேல் விழுந்திருந்தது. அவர் அதைப் பிறகு ஓட்டவில்லை. 2001இல் காலமானார்.

அந்த மோட்டார் சைக்கிளின் சத்தம் எங்கள் வீட்டில் ஒரு கடிகாரம் போன்றது. மாலையில் சந்தி திரும்பும்போதே அம்மாவுக்குக் கேட்கும். ஒழுங்கையில் அதே நேரத்தில் வேறு நான்கு ஹொண்டாக்கள் வந்தாலும், "அப்பா வாறார்" என்று சொல்லிவிட்டுக் கேத்திலை அடுப்பில் வைப்பார். ஒருநாளும் பிழைத்ததில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமல், சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினை உயிர்ப்பித்துப் பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய நாட்களிலும், சத்தம் மாறியிருந்தும், அவர் அதை அறிந்துகொண்டார். அந்நாட்களில் தந்தையாரின் பின்னால் அமர்ந்து, வெண்புகை கக்கியபடி, பத்திரிகைக் காரியாலயத்துக்குச் செய்திகளைக் கொண்டுபோயிருக்கிறேன். அவை கோடுபோட்ட அப்பியாசக் கொப்பித் தாள்களில் அச்சாகின.

சென்ற ஆண்டு கனடாவிலிருந்து வந்த மருமகன் அந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு ஒரு யோசனை சொன்னான். "மாமா, துரு எல்லாம் சுரண்டி, வடிவாய்ப் பெயின்ற் அடிச்சு, முன் ஹோலிலை வைப்பம். தாத்தாவின்ரை நினைவாய் இருக்கும்." நல்ல எண்ணந்தான். ஆனால், அக்காலத்தில் அதைப் பழுதுபார்த்த மெக்கானிக் அண்ணையைக் கூட்டிவந்து காட்டியபோது அவர் வேறு கதை சொன்னார். "தம்பி, உதை ஓடச் செய்யலாம். ஓடாட்டில் உது வெறும் இரும்புதானே. இரும்புக்கு ஏன் பெயின்ற்?"

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே நின்றபோதுதான், யப்பானில் நான் கண்ட ஒரு பந்தய மோட்டார் சைக்கிள் நினைவுக்கு வந்தது.

2008ஆம் ஆண்டில் வேறொரு பணிக்காக அந்நாட்டுக்குச் சென்றிருந்தபோது ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. உடன் வந்தவர்கள் கடைத்தெருக்களைத் தேடிப் போக, நான் டோக்கியோவுக்கு வடக்கேயுள்ள மொத்தேகி என்ற ஊருக்குப் போனேன். அங்குள்ள பந்தயத் திடலின் வளவுக்குள் ஹொண்டா நிறுவனம் 1998இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வெள்ளியும் சிவப்புமாக, பக்கத்துக்கு மூன்றாக ஆறு புகைக்குழாய்களைப் பின்னோக்கி நீட்டியபடி நின்றது ஆர்சி 166. 1966இல் உலகத்தையே வென்ற 250 சிசி பந்தய மோட்டார் சைக்கிள். அருகே போய்ப் பார்த்தால் மிகவும் சிறியது. எடை வெறும் 112 கிலோ. இவ்வளவு சிறிய உடலுக்குள் ஆறு சிலிண்டர்களா என்று நம்ப மறுத்து, குழாய்களை இருமுறை எண்ணினேன்.

இது பிறந்த கதையைச் சொல்வதற்கு ஒரு தோல்வியிலிருந்து தொடங்கவேண்டும்.

ஐல் ஒவ் மான் தீவுப் பந்தயத்தில் தமது நிறுவனம் பங்குபற்றும் என்று சொய்ச்சிரோ ஹொண்டா 1954இல் அறிவித்தார். சிறிய மோட்டார் சைக்கிள்கள் செய்துகொண்டிருந்த ஒரு யப்பானிய நிறுவனத்துக்கு அது அளவு மீறிய ஆசையாகவே தோன்றியிருக்கும். 1959இல் 125 சிசி போட்டிக்கு முதன்முறை சென்று, ஆறாம் இடத்தையும் குழுவுக்குரிய பரிசையும் பெற்றுத் திரும்பினார்கள். 1961இல் 125, 250 சிசி என்ற இரு பிரிவுகளிலும் உலகப்பட்டம் கிடைத்தது. அடுத்த இரு ஆண்டுகளும் 250இல் ஜிம் றெட்மன் வென்றார். இந்தப் பந்தயங்களுக்கு வேண்டிய பணத்தின் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? 1958இல் சந்தைக்கு வந்த சுப்பர் கப் என்ற சிறிய மோட்டார் சைக்கிளின் விற்பனையிலிருந்து. எங்கள் தந்தையாரின் ஹொண்டா 90 அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மொத்தேகியில் நின்ற அரசனும் எங்கள் விறாந்தையில் கிடந்த ஏழையும் ஒருவகையில் தாயாதிகள்.

1964இல் நிலைமை மாறியது. யமஹாவின் இரட்டைச் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளில் பில் றீட் உலகப்பட்டத்தைப் பறித்துக்கொண்டார். ஹொண்டாவின் நான்கு சிலிண்டர் இயந்திரம் பின்தங்கியது.

நான் கலைப்பீடத்துப் பட்டதாரி. பொறியியல் கற்றவன் அல்லன். ஆயினும், மெக்கானிக் அண்ணையின் கராஜில் வாங்கில் இருந்து கேட்டறிந்தவற்றையும், பிற்காலத்தில் படித்தவற்றையும் கொண்டு அந்தச் சிக்கலை இவ்வாறு விளங்கிக்கொண்டேன். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு வெடிப்பு நிகழும். ஹொண்டா விடாப்பிடியாகப் பற்றியிருந்த போர் ஸ்ட்ரோக் எஞ்சினிலோ இரண்டு சுழற்சிக்கு ஒரு வெடிப்பு. கொள்ளளவு 250 சிசியைத் தாண்டக்கூடாது என்பது விதி. எனவே, ஈடுகொடுப்பதற்கு ஒரே வழி, எதிரியைவிட மிக வேகமாகச் சுழல்வது. அதற்கு இயற்கை தடைபோடுகிறது. சுழற்சி இரு மடங்கானால், மேலும் கீழும் ஓடும் பிஸ்டனின் மீது விழும் விசை நான்கு மடங்காகிறது. ஒரு கட்டத்தில் உலோகம் பொறுக்காது. வால்வுகளை மூடும் விற்சுருள்களும் தாளம் தவறிவிடும்.

ஹொண்டாவின் விடை எளிமையானது; செய்துமுடிப்பதுதான் கடினம். பாகங்களைச் சிறிதாக்கு. சிறிதானால் பாரம் குறையும். பாரம் குறைந்தால் வேகம் தாங்கும். 250 சிசியை ஆறாகப் பிரித்தார்கள். ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 41 சிசி. மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரையும் முழுதாக ஊற்ற முடியாத அளவு. எங்கள் தந்தையாரின் மோட்டார் சைக்கிளின் ஒற்றைச் சிலிண்டரே இந்த ஆறில் இரண்டைச் சேர்த்தாலும் அதைவிடப் பெரிது. அந்தச் சின்னஞ்சிறு சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் நான்கு வால்வுகள், மொத்தம் 24. வால்வுகளைத் திறக்கும் தண்டுகளைச் சங்கிலியால் அன்றி, எஞ்சினின் நடுவே ஏறும் பற்சக்கரத் தொடரால் இயக்கினார்கள். அந்த வேகத்தில் சங்கிலி தளர்ந்து அலையும், பற்சக்கரம் அலையாது. இந்த எஞ்சினின் வடிவமைப்பில் முக்கிய பங்கு வகித்த சொய்ச்சிரோ இரிமாஜிரி அப்போது இருபதுகளின் நடுப்பகுதியில் இருந்த இளைஞர். 1978இல் வீதிக்கு வந்த ஆறு சிலிண்டர் சிபிஎக்ஸ் மோட்டார் சைக்கிளின் பின்னாலும் அவரே இருந்தார்.

1964 செப்டெம்பரில் இத்தாலியின் மொன்சாவில் இந்த ஆறு சிலிண்டர் இயந்திரம் முதன்முதலில் களமிறங்கியது. முன்னிலையில் ஓடிய றெட்மன், எஞ்சின் அளவுமீறிச் சூடேறியதால் மூன்றாம் இடத்துடன் திருப்திப்பட வேண்டியதாயிற்று. 1965இலும் பட்டம் யமஹாவிடமே போனது. எஞ்சினின் வலுவைத் தாங்கும் திறன் சட்டத்துக்கும் அதிர்வுதாங்கிகளுக்கும் போதவில்லை. அவ்வாண்டின் இறுதியில் ஹொண்டாவுக்கு வந்த மைக் ஹெயில்வூட், ஓட்டிப் பார்த்த முதல் வேலையாகப் பின் அதிர்வுதாங்கிகளைக் கழற்றுவித்து, அவற்றை அருகிலிருந்த நீர்நிலையில் எறிந்துவிட்டு, வேறு கொண்டுவரச் சொன்னார் என்றொரு கதை பந்தய உலகில் நெடுநாளாக உலவுகிறது.

திருத்தப்பட்டு, 1966இல் ஆர்சி 166 என்ற பெயருடன் வந்தபோது அதற்கு நிகரில்லை. நிமிடத்துக்கு 18,000 சுழற்சி. 60 குதிரைவலுவுக்கும் மேல். ஏழு கியர்கள். மணிக்கு 240 கிலோமீற்றருக்கும் அதிகமான வேகம். ஹெயில்வூட் அவ்வாண்டு 250 பிரிவில் நடந்த 12 போட்டிகளில் பத்தில் ஓடினார், பத்திலும் வென்றார். 1967இல் அவரும் பில் றீட்டும் ஒரே புள்ளிகளைப் பெற்றார்கள். ஹெயில்வூட்டின் வெற்றிகள் ஐந்து, றீட்டின் வெற்றிகள் நான்கு என்ற கணக்கில் பட்டம் மீண்டும் ஹெயில்வூட்டிடம் வந்தது. அதே எஞ்சினை 297 சிசிக்குப் பெருக்கி, 350 பிரிவின் பட்டத்தையும் அவர் அந்த ஆண்டில் எடுத்துக்கொண்டார்.

அத்துடன் முடிந்தது. 1968 தொடக்கத்தில் ஹொண்டா மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலிருந்து விலகியது. 1970 முதல் 250 பிரிவில் இரண்டு சிலிண்டருக்கு மேல் கூடாது, ஆறு கியருக்கு மேல் கூடாது என்று உலகப் போட்டிகளின் விதி மாற்றப்பட்டது. அதற்குப் பின் யாருமே அத்தகைய ஒன்றைச் செய்து பந்தயத்துக்குக் கொண்டுவர முடியாது. ஆர்சி 166ஐப் பெற்ற உலகம், அதன் பின்னால் கதவைப் பூட்டிவிட்டது.

ஹெயில்வூட் கார்ப் பந்தயங்களுக்குப் போனார். பதினொரு ஆண்டுகளின் பின், 1978இல் ஐல் ஒவ் மான் தீவுக்குத் திரும்பி வந்து, டுக்காட்டி மோட்டார் சைக்கிளில் வென்று எல்லோரையும் வியக்கவைத்தார். 1981 மார்ச்சில், பந்தயத் திடலில் அன்றி, சாதாரண வீதியொன்றில் நிகழ்ந்த கார் விபத்தில் மகளுடன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது.

ஓட்டியவர் இல்லை. ஓடுவதற்குப் போட்டி இல்லை. அப்படியானால் அந்த மோட்டார் சைக்கிளை என்ன செய்வது? கண்ணாடிக்குப் பின்னால் வைத்துத் தூசு தட்டினால் போதாதா?

மொத்தேகி அருங்காட்சியகத்தில் அதற்கு வேறு விடையைத் தேர்ந்திருக்கிறார்கள். அங்குள்ள முக்கியமான இயந்திரங்களை இயங்கும் நிலையிலேயே பேணுவது அவர்களின் கொள்கை. வெறும் தோற்றத்தைப் பேணுவதல்ல. பிரித்து, பழுது நீக்கி, பூட்டி, திடலில் ஓட்டிப் பார்த்து, மீண்டும் மேடையில் வைக்கிறார்கள். நான் அங்கே நின்றபோது அது மௌனமாகத்தான் இருந்தது. ஆனால், வெறும் கூடு அல்ல, உறங்குகிற ஒன்று என்று அறிந்து பார்ப்பது வேறொரு பார்வை.

இது சொல்வதுபோல் எளிய வேலையன்று. அந்த எஞ்சினின் கிராங்க் தண்டு ஒரே துண்டாகச் செய்யப்பட்டதன்று. பல துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அழுத்திப் பொருத்தி, இடையிடையே உருளைத் தாங்கிகளை வைத்துக் கட்டியது. உராய்வைக் குறைக்கவும், பிஸ்டனைத் தாங்கும் கோல்களைப் பிளக்காமல் முழுவளையமாக வைத்திருக்கவும் அவ்வாறு செய்தார்கள். அதைப் பழுதுபார்ப்பதென்றால் அழுத்தியவற்றைக் கழற்றி, மறுபடி அழுத்தி, ஆறு சிலிண்டருக்கும் கோணமும் நேரும் பிசகாமல் வைக்கவேண்டும். மில்லிமீற்றரில் நூறில் சில பங்கு விலகினாலும் 18,000 சுழற்சி அதை மன்னிக்காது. உதிரிப்பாகம் கடையில் இல்லை. வேண்டியதைப் புதிதாகச் செய்யவேண்டும். விற்சுருள்கள் ஓடி ஓடிக் களைக்கும். றப்பர் ஓடாமலே காயும். இயக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. இத்தகைய பந்தய எஞ்சினை முதலில் ஒருவகைப் பிளக்கைப் பூட்டிப் பதமாகச் சூடாக்கி, பிறகு கடுஞ்சூட்டைத் தாங்கும் வேறு பிளக்கை மாற்றி, அதன் பின்னரே வேகத்துக்கு விடுவார்கள். மெதுவாக நின்று துடிக்க அதற்குத் தெரியாது; கை முறுக்கிக்கொண்டே இருக்கவேண்டும், விட்டால் அணைந்துபோகும். இவற்றில் எதையும் ஏட்டில் மட்டும் எழுதிக் காப்பாற்றிவிட முடியாது. கையிலிருந்து கைக்குப் போகவேண்டிய அறிவு இது. இயந்திரம் ஓடாமல் நின்றால், அந்தக் கைகளுக்கு வேலையில்லாமல் போகும்; ஒரு தலைமுறையில் அறிவும் போய்விடும்.

மறுதரப்பு வாதமும் வலுவானதே. ஓடும் ஒவ்வொரு தடவையும் பழைய உலோகம் தேய்கிறது. தேய்ந்ததை மாற்ற மாற்ற, ஹெயில்வூட் ஓட்டிய இயந்திரத்தில் ஹெயில்வூட் காலத்து உலோகம் எவ்வளவு எஞ்சும்? ஓர் ஏட்டுச்சுவடியை நாள்தோறும் புரட்டி வாசித்தால் அது உதிர்ந்துபோகும் என்று நூலகர் சொல்வதைப் போன்றது இந்த அச்சம். பிரித்தானியாவில் 297 சிசி ஆறு சிலிண்டர் ஹொண்டாவுக்குப் புதிதாகப் பிரதிகள் செய்து ஓடவிட்டிருக்கிறார்கள். மூலத்தை உறங்கவிட்டு, பிரதியை ஓட்டுவதும் ஒரு வழிதான்.

ஆனால், ஏட்டுச்சுவடிக்கும் எஞ்சினுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சுவடியைப் படியெடுக்கலாம், எழுத்து பிழைக்கும். எஞ்சினின் எழுத்து எது? 18,000 சுழற்சி என்றால் வினாடிக்கு 300. ஒவ்வொரு சிலிண்டரும் இரு சுழற்சிக்கு ஒருமுறை வெடிக்கிறது, வினாடிக்கு 150. ஆறு சிலிண்டர்களும் சேர்ந்து வினாடிக்கு 900 வெடிப்புகள். வினாடிக்கு 900 அதிர்வு என்பது, காது அதைத் தனித்தனி வெடிப்பாக அறியாமல் ஒரே சுருதியாகக் கேட்கும் அளவு. அந்த ஓசையை நான் நேரில் கேட்டதில்லை, ஒலிப்பதிவுகளில்தான் கேட்டிருக்கிறேன். அது மோட்டார் சைக்கிளின் உறுமலே அன்று. நாதஸ்வரக்காரர் மேல்ஸ்தாயியில் ஏறி மூச்சை விடாமல் நிற்பதைப் போன்ற ஒரு கூவல். இரிமாஜிரியின் கணக்கு, வார்ப்புத் தொழிலாளியின் கைப்பக்குவம், பற்சக்கரம் வெட்டியவரின் நேர்த்தி ஆகிய எல்லாம் சரியாக இருக்கின்றன என்பதற்கு அந்தச் சுருதியே சாட்சி. எங்கோ ஒன்று பிழைத்தால் முதலில் சத்தம் மாறும். மௌனமாக நிற்கும் இயந்திரத்தில் சரியும் பிழையும் ஒன்றுபோலவே தெரியும்.

ஆகவே ஓடவேண்டும் என்று முடிவுசெய்தேன். அதைவிட முக்கியமான ஒன்றும் பிறகு விளங்கியது. மீளமைப்பதற்கு ஒரு காலவரை இருக்கிறது. அது உலோகம் துருப்பிடிக்கும் காலம் அன்று. உலோகத்தை எப்படியும் செய்துவிடலாம். 'ஆம், இதுதான் அந்தச் சத்தம்' என்று தலையாட்டக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும் காலம் அது. அவர்கள் போன பிறகு ஓடுகிற இயந்திரம் சரியாக ஓடலாம். சரி என்று சொல்வதற்கு ஆள் இராது.

மருமகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "சரி மாமா, ஓடேக்கை வீடியோ எடுத்து அனுப்புங்கோ" என்றான். மெக்கானிக் அண்ணை நான்கு மாதம் எடுத்தார். எழுபத்தைந்து வயதில் அவருக்குக் கை நடுங்குகிறது. ஸ்பானரைப் பிடித்தவுடன் நடுக்கம் நின்றுவிடுகிறது. பிஸ்டன் வளையங்கள் புதியவை. காபரேட்டரை மூன்றுமுறை கழற்றிக் கழுவினார். சைலன்சர் துருவேறி ஓட்டை விழுந்திருந்தபடியால், கடையில் பொருத்தமான ஒன்றை வாங்கிப் பூட்டினார். பெயின்ற் அடிக்கவில்லை, தந்தையாரின் முழங்கால் தேய்த்த இடம் அப்படியே இருக்கிறது.

போன மாதம் ஒரு மாலை. முற்றத்தில் நிறுத்தி அவர் உதைத்தார். ஆறாவது உதையில் பிடித்தது. சிறிது வெள்ளைப் புகை, பிறகு சீரான துடிப்பு. முப்பது ஆண்டுகளின் பின் அந்தச் சத்தம். எனக்குத் தொண்டை அடைத்தது. குசினியிலிருந்த அம்மா வெளியே வரவில்லை. உள்ளிருந்தே குரல் வந்தது.

"உது அவற்றை சத்தம் இல்லை."

அண்ணை எஞ்சினை நிறுத்தினார். அம்மா வாசலுக்கு வந்து, கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி, "அது இன்னும் கொஞ்சம் அடைச்சு வரும். இது திறந்து கத்துது" என்றார்.

நான் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினேன். அண்ணை என்னைக் கையமர்த்தினார். "தம்பி, அம்மா சொல்றது சரி. சைலன்சர் வேறை. எனக்கும் கேட்டது, நான்தான் பேசாமல் இருந்திட்டன்." பிறகு அம்மாவைப் பார்த்து, "பழசை எங்கை எறிஞ்சனியள்?" என்று கேட்டார்.

எறியவில்லை. கிணற்றடியில் பழைய தகரங்களோடு கிடந்தது. அவர் அதைத் தூக்கித் தட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பார்த்தார். வெளித்தகடுதான் உக்கியிருக்கிறது, உள்குழாய் இருக்கிறது, புதுத் தகடு சுற்றி ஒட்டிப் பார்க்கலாம் என்றார். அதைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

படலை வரை கூடப் போனேன். அம்மாவுக்கு இப்போது வயது எண்பத்து நான்கு.

"கெதியாய்ச் செய்யுங்கோ அண்ணை" என்றேன்.